வீட்டுத் தோட்டப் பழமரங்களில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பழமரம் வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஒரு இலையைப் படமெடுத்து அனுப்பி, "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்பார்கள். பதிலுக்கு நான் கேட்பதும் ஒன்றுதான்: மரத்தடி மண் இப்போது எப்படி இருக்கிறது? இலையில் தெரியும் கோளாறுகளில் பெரும்பகுதி வேரில் தொடங்கியவை. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், மருந்து கடைசியில் வரும். உங்கள் மரத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இந்த மூன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

மண். அடிமரத்தை ஒட்டித் தோண்ட வேண்டாம். கிளை நுனிகள் முடியும் இடத்துக்கு நேர் கீழே ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்குங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் ஈரம் அதிகம். பொலபொலவென உதிர்ந்தால் குறைவு. உருண்டை பிடித்து, கட்டைவிரலால் அழுத்தியதும் உடைந்தால் சரியான ஈரம். மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களிமண், ஒரு சாண் கீழே சேறாக இருப்பது உண்டு. எடுத்த மண்ணை முகர்ந்தும் பாருங்கள். சாக்கடை வாடை வந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது.

அடிமரம். தரையை நெருங்கும் இடத்தில் அடிமரம் சற்று அகன்று வேராகப் பிரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒட்டுக் கட்டிய முடிச்சு (நல்ல ரகத்தின் கிளையை வேறொரு செடியின் அடியோடு இணைத்த இடம்) மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மண்ணோ எருவோ மூடாக்கோ (மண்ணின் மேல் பரப்பும் சருகு, வைக்கோல்) அதை மூடியிருந்தால் இன்றே விலக்கிவிடுங்கள்.

ஒட்டுக்குக் கீழே துளிர். முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளம்பும் போத்து அடிச்செடியுடையது, நீங்கள் வாங்கிய ரகம் இல்லை. எலுமிச்சை வகைகளில் இலை மூன்று பிரிவாகவோ முள் நீளமாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். தொடங்கும் இடத்தோடு கிள்ளி எடுங்கள். விட்டுவைத்தால் மேலே இருக்கும் நல்ல ரகத்தை அது அமுக்கிவிடும்.

## மரம் செழிப்பாக இருக்கிறது, ஆனால் பூக்கவில்லை

### வயது வந்துவிட்டதா?

ஒட்டு மா 3 முதல் 4 ஆண்டுகளில் பூக்கும். கொட்டை போட்டு முளைத்தது அதைப்போல இரண்டு மடங்கு காலம்கூட எடுக்கும். கொட்டைக் கன்று என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

### வெயில் போதுமா?

ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நேரடி வெயில் 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான பழமரங்கள் இலையை மட்டுமே தரும். பக்கத்து மரத்தின் கிளையைக் கழித்தாலே பல தோட்டங்களில் இது தீர்ந்துவிடும்.

### தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமா?

இலைகள் கரும்பச்சையாக, பெரிதாக, கொழுந்து விட்டுக்கொண்டே இருந்தால் யூரியாவையும் கோழி எருவையும் ஒரு பருவத்துக்கு நிறுத்துங்கள். புல்தரைக்குப் போடும் உரம் மரத்தின் வேருக்கும் போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

### கவாத்து (கிளை வெட்டுவது) தப்பான நேரத்திலா?

அடிக்கடி தவறு நடக்கும் இடம் இதுதான். மா, முதிர்ந்த கிளையின் நுனியில் பூக்கும். அறுவடை முடிந்த கையோடு கவாத்து செய்தால் புதுத் தளிர் முதிர்வதற்கு நேரம் கிடைக்கும். பூக்கும் காலத்துக்குச் சற்று முன் வெட்டினால் அந்த ஆண்டுப் பூவையே வெட்டிவிட்டீர்கள் என்று பொருள். கொய்யாவும் மல்பெரியும் நேர் எதிர்: புதுத் தளிரோடு பூப்பவை. அவற்றை வெட்டாமல் விட்டால்தான் காய் குறையும். பிளாக்பெரி, கோடையில் காய்க்கும் ராஸ்பெரி போன்றவை முதல் ஆண்டு வளர்ந்த தண்டில் இரண்டாம் ஆண்டு காய்க்கும். காய்த்து முடிந்த தண்டை மட்டும் அடியோடு எடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மொட்டையடித்தால் அடுத்த ஆண்டு கூடை காலிதான்.

### குளிர் போதவில்லையா?

ஆப்பிள், பேரி, பீச் போன்றவை குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குறிப்பிட்ட மணி நேரம் இருந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். பல ஆப்பிள் ரகங்களுக்கு 800 மணி நேரத்துக்கு மேல் தேவை. அன்னா போன்ற ரகங்களுக்கு 200, 300 மணி நேரமே போதும். ரகம் உங்கள் தட்பவெப்பத்துக்குப் பொருந்தவில்லை என்றால் உரமும் கவாத்தும் உதவாது. மேலொட்டுக் கட்டி, அதாவது இருக்கும் மரத்திலேயே வேறு ரகத்தின் கிளையை ஒட்டி, ரகத்தை மாற்றலாம். அதை ஒட்டுக்கட்டத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

## பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

காலை நேரத்தில் பூத்த மரத்தின் அடியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தேனீயோ ஈயோ எதுவும் வரவில்லை என்றால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. பூக்கும் நாட்களில் பூச்சிமருந்தை நிறுத்துங்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லிப் பாருங்கள்.

பூச்சிகள் வந்தும் காய் இல்லையா? அப்போது மரத்தின் வகையைப் பாருங்கள்.

- பப்பாளி: நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ ஆண் மரத்துடையது, பொதுவாகக் காய்க்காது. தண்டை ஒட்டித் தனியாக உட்கார்ந்திருக்கும் தடித்த பூ பெண். பெண் மரம் மட்டும் இருந்தால் பக்கத்தில் ஓர் ஆண் மரம் வேண்டும்.
- டிராகன் பழம்: பூ ஒரே ஒரு இரவு விரிந்திருக்கும். பல ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்காது. வேறு ரகத்தின் மகரந்தத்தை எடுத்து, இரவிலோ விடியும் முன்போ தூரிகையால் தடவ வேண்டும்.
- சீத்தா: இதன் பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் நடந்துகொள்ளும். நன்றாக விரிந்து மகரந்தம் உதிர்க்கும் பூவிலிருந்து மென்மையான தூரிகையில் எடுத்து, இதழ் இப்போதுதான் விலகத் தொடங்கிய பூவுக்குள் தடவுங்கள். அரைமணி நேர வேலைக்கு இவ்வளவு பலன் தரும் வேறு எதையும் நான் தோட்டத்தில் கண்டதில்லை.
- ஆப்பிள், பேரி: பெரும்பாலான ரகங்களுக்கு அதே நேரத்தில் பூக்கும் இன்னொரு ரகம் அருகில் தேவை.

மாம்பூ கருகி உதிர்ந்தால் பூங்கொத்தை வெள்ளைத்தாள் மேல் தட்டுங்கள். ஆப்பு வடிவில் சின்னப் பூச்சிகள் தாவி ஓடினால் தத்துப்பூச்சி. பூக்காம்பில் மாவு தூவியது போன்ற வெண்படலம் இருந்தால் சாம்பல் நோய். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தை (நீரில் கலக்கும் கந்தகத் தூள்) அட்டையில் உள்ள அளவுப்படி, வெயில் தாழ்ந்த பின் தெளிக்கலாம். கடும் வெயிலில் கந்தகம் இலையைப் பொசுக்கும்.

## பிஞ்சு உதிர்கிறது

முதலில் ஒரு ஆறுதல். ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கலாம். அறுவடைவரை நிற்பது ஒன்றோ இரண்டோதான். எலுமிச்சை, ஆப்பிள் எல்லாமே தாங்க முடியாத பிஞ்சுகளைத் தானே உதிர்த்துவிடும். பட்டாணி முதல் கோலிக்குண்டு அளவுவரை உதிர்ந்து பிறகு நின்றுவிட்டால் அது கோளாறே இல்லை.

அதற்குப் பிறகும் தொடர்ந்தால், உதிர்ந்த பிஞ்சுகளைப் பொறுக்கி நீளவாக்கில் வெட்டுங்கள்.

உள்ளே சுத்தமாக இருக்கிறது, காம்பு மட்டும் மஞ்சளாகிக் கழன்றிருக்கிறது: தண்ணீர்ப் பிரச்சினை. காயவிட்டு, பிறகு ஒரேயடியாக வெள்ளம் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். காய் பிடித்ததிலிருந்து மண்ணின் ஈரம் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். காய்ந்த இலை, வைக்கோல் எதுவானாலும் 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் அது தொடங்க வேண்டும்.

உள்ளே புழுவோ கருத்த சுரங்கமோ இருக்கிறது: கீழே "பழத்தில் புழு" பகுதிக்குப் போங்கள்.

தோலில் அமுங்கிய கரும்புள்ளிகள்: பெரும்பாலும் பூஞ்சை. உள்பக்கக் கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள், காய்ந்த குச்சிகளை வெட்டி அகற்றுங்கள். மழை நீடிக்கும் பருவங்களில் தாமிரக் கலவை (தாமிரம் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) தேவைப்படலாம்.

## காய் வெடிக்கிறது

மாதுளை, எலுமிச்சை, அத்தி. மூன்றிலும் முதல் காரணம் ஒன்றே: வறட்சிக்குப் பின் திடீர் நீர். தோல் விரிவதற்குள் உள்சதை உப்பிவிடுகிறது. மூடாக்கு, சீரான பாசனம், இவ்வளவுதான். மழைக்கு முன்பே பழுத்தவற்றைப் பறித்துவிடுங்கள். பாசனத்தைச் சீராக்கியும் ஒவ்வொரு பருவமும் வெடித்தால் போரான் குறைபாடாக இருக்கலாம். ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் போரான் போடாதீர்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதற்கு மிகச் சிறியது.

ஒரு விதிவிலக்கு. மாதுளையில் வெடிப்பைச் சுற்றி எண்ணெய் ஊறியது போன்ற கரும்புள்ளி இருந்து, நட்சத்திர வடிவில் பிளந்திருந்தால் அது தண்ணீர்க் கோளாறு இல்லை, பாக்டீரியா கருகல். இலையிலும் அதே எண்ணெய்ப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடுங்கள். நோயுள்ள கிளையை வெட்டிய கத்திரியை மருந்தகத்தில் கிடைக்கும் ஆல்கஹாலால் துடைக்காமல் அடுத்த கிளையைத் தொடாதீர்கள்.

## இலை மஞ்சளாகிறது

இந்த ஒரு அறிகுறிக்குப் பின்னால் குறைந்தது ஆறு காரணங்கள் உண்டு. எந்த இலை, எந்த வகையில் மஞ்சள் என்பதைப் பொறுத்து வழி பிரியும். இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

### எல்லா இலையும் மங்கி, தொங்கி, மண் ஈரமாக இருக்கிறது

வேர் மூழ்கிக் கிடக்கிறது. ஈரமண்ணில் வாடும் மரத்துக்கு இன்னும் தண்ணீர் விடுவதுதான் வீட்டுத் தோட்டங்களில் மரம் சாவதற்கு முக்கியமான காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். பாசனத்தை உடனே நிறுத்துங்கள்.

வடிகால் சோதனை: ஒரு அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அந்த இடம் பழமரத்துக்கு ஆகாது. சின்னக் கன்று என்றால் ஒரு முழ உயர மேடு கட்டி அதன் மேல் மாற்றி நடுங்கள். வளர்ந்த மரம் என்றால் தண்ணீர் ஓடிப்போகச் சரிவாகக் கால்வாய் வெட்டுவதுதான் வழி.

### அடியில் உள்ள பழைய இலை, முழுதும் ஒரே சீராக மஞ்சள்

தழைச்சத்துக் குறைவு. மட்கிய தொழு உரத்தைக் கிளை விளிம்புக்குக் கீழே பரப்பி நீர் விடுங்கள். மட்காத மரத்தூளையோ சருகையோ மண்ணுக்குள் புதைத்திருந்தால் அதுவே தழைச்சத்தை இழுத்துக்கொண்டிருக்கும். தோண்டி மேலே போடுங்கள். இலையுதிர் பருவத்தில் ஒன்றிரண்டு பழைய இலை பழுப்பது இயல்பு, அதற்கு எதுவும் செய்ய வேண்டாம்.

### பழைய இலை, அடிப்பகுதியில் மட்டும் பச்சை ஆப்பு போல நிற்கிறது

எலுமிச்சை வகையில் மக்னீசியக் குறைவின் அடையாளம். எப்சம் உப்பு நீரில் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

### புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்துக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், வேரால்தான் எடுக்க முடியாது. மண் சேறாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வடிகால் நன்றாக இருந்தும் இப்படித் தெரிந்தால் மண்ணின் பி.எச். (அமிலத்தன்மை, காரத்தன்மை) அளவைச் சோதியுங்கள். 7.5-க்கு மேல் போனால் இரும்பு மண்ணிலேயே பூட்டிக் கிடக்கும். இலைகள் சிறுத்து, குறுகி, கொத்தாக இருந்தால் துத்தநாகக் குறைவும் சேர்ந்திருக்கிறது. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து தளிர் இலைகளில் தெளிப்பது வழக்கம். சுண்ணாம்பை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் இலை கருகும்.

புளூபெரி வைத்திருப்பவர்களுக்கு இந்த மஞ்சள் கிட்டத்தட்ட எப்போதும் பி.எச். பிரச்சினைதான். அதற்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும். குழாயில் வரும் கடின நீரே மாதக்கணக்கில் ஊற்றும்போது அந்த அளவை ஏற்றிவிடும். மழைநீர் கிடைத்தால் அதைச் சேமித்து ஊற்றுங்கள். கந்தகம் போட்டால் பலன் தெரிய மாதங்கள் ஆகும், அவசரப்பட்டு அளவைக் கூட்ட வேண்டாம்.

### நடு நரம்பின் இரு பக்கமும் பொருந்தாமல் திட்டுத் திட்டாக மஞ்சள்

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள். சத்துக் குறைவில் நரம்பின் இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் வெவ்வேறாகத் திட்டு விழுந்து, காய் கோணலாகச் சிறுத்து, ஒரு பக்கம் பச்சையாகவே நின்றால் கிரீனிங் நோயாக இருக்கலாம். சைலிட் என்ற சிறு பூச்சி பரப்பும் இந்த நோயைக் குணப்படுத்த வழியில்லை. நீங்களாக முடிவு செய்யாமல் ஆய்வகத்தில் உறுதிசெய்யுங்கள். உறுதியானால் மரத்தை எடுப்பதுதான் மற்ற மரங்களைக் காப்பாற்றும். மனம் ஒப்பாது, தெரியும். ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம்.

## இலை சுருள்கிறது, பிசுபிசுக்கிறது, கருப்புப் படிகிறது

இலையைத் திருப்புங்கள். சாறு உறிஞ்சும் பூச்சி ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும்: அசுவினி, மாவுப்பூச்சி, செதிள்பூச்சி. கருப்பு அவை விடும் இனிப்புக் கழிவின் மேல் வளரும் பூசணம், விரலால் தேய்த்தால் வந்துவிடும்.

எறும்பு ஏறுகிறதா என்று அடிமரத்தைப் பாருங்கள். அந்த இனிப்புக்காகப் பூச்சிகளைப் பாதுகாப்பது எறும்புதான். தரையைத் தொடும் கிளைகளை வெட்டி, அடிமரத்தில் காகிதம் சுற்றி அதன் மேல் பசை தடவினால் பொறிவண்டுகள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, குழாய்த் தண்ணீரை வேகமாக இலையின் அடியில் பீய்ச்சுங்கள், சில நாட்கள் விட்டு மீண்டும். அதிலும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மரம் முழுக்க அடிப்பது நல்லது.

எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கோடு போல வளைந்து வளைந்து போகும் தடம் இலைச்சுரங்கப் பூச்சி. வளர்ந்த மரத்தில் அதை விட்டுவிடலாம்.

## பழத்தில் புழு

கொய்யா, மா இரண்டிலும் முதல் சந்தேகம் பழ ஈ. தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் சுற்றிலும் மெதுமெதுப்பும் இருக்கும். மாதுளையில் பெரிய ஓட்டையும் அதன் வாயில் கழிவும் தெரிந்தால் அது பழம் துளைக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழு.

முதல் வேலை பொறுக்குவது. புழு பழத்தோடு கீழே விழுந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். விழுந்த பழத்தைத் தினமும் எடுத்து, கருப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரத்துக்கு மேல் வெயிலில் போடுங்கள். எருக்குழியில் போட்டால் ஈயை வளர்ப்பதாகிவிடும்.

இரண்டாவது, உறை. காய் நிறம் மாறத் தொடங்குவதற்கு முன்பே காகிதப் பையோ துணிப் பையோ கட்டுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது.

மெத்தைல் யூஜினால் பொறி (பழ ஈயை வாசனையால் இழுக்கும் பொறி) ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். ஒரே ஒரு வீட்டில் வைத்துவிட்டுப் புழு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தெருவே சேர்ந்து வைத்தால் பலன் உண்டு. பழுக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம், சாப்பிடப் போவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும்.

## ஸ்ட்ராபெரி: சுருங்குகிறது, அழுகுகிறது

குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும். குருத்தின் நடுப்பகுதி மண்மட்டத்தில் நிற்க வேண்டும். பழத்தில் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்தால் அதைப் பிடுங்கி வெளியே எறிந்து, கீழே வைக்கோல் பரப்பி, மேலிருந்து நீர் தெளிப்பதை நிறுத்துங்கள். பழம் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே வந்தால் செடிக்கு வயதாகிவிட்டது. 3 ஆண்டுக்கொரு முறை ஓடுதண்டிலிருந்து கிடைக்கும் இளஞ்செடியை வேறு இடத்தில் நட்டுப் புதுப்பியுங்கள்.

## கிளை காய்கிறது, அல்லது மரம் திடீரென வாடுகிறது

இங்கே நாள் கணக்கு முக்கியம். நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் பச்சை வரும் இடம்வரை கீழிறங்கிச் சுரண்டி, அதற்கும் ஒரு சாண் கீழே வெட்டுங்கள்.

அடிமரத்தில் ஓட்டை, கீழே மரத்தூள்: தண்டு துளைப்பான். வளையும் கம்பியை ஓட்டைக்குள் விட்டுக் குத்தி இழுங்கள், வெள்ளைப் புழு கம்பியோடு வரும். பிறகு களிமண்ணால் அடையுங்கள். சில நாளில் புதுத் தூள் விழுந்தால் இன்னொன்று உள்ளே இருக்கிறது.

அடிப்பட்டையில் பிசின் வடிகிறது, பட்டை மெத்தென்று இருக்கிறது: அடியழுகல். எலுமிச்சை வகைகளில் அதிகம், அடிமரம் எப்போதும் நனைந்துகொண்டே இருப்பதால் வருவது. கூரிய கத்தியால் அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை சீவி எடுத்து, போர்டோ பசை தடவுங்கள்: 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, மொத்தம் ஒரு லிட்டர் நீர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு சேருங்கள், இரும்புப் பாத்திரம் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், தண்ணீர் அடிமரத்தைத் தொடாதபடி சுற்றிலும் உள்வரப்பு ஒன்று போடுங்கள்.

மரத்தைப் பிடித்து ஆட்டினால் மண்ணோடு ஆடுகிறது: கன்று பையிலிருந்தபோதே வேர் வட்டமாகச் சுற்றியிருக்கலாம், அல்லது வேர் அழுகியிருக்கலாம். இளங்கன்று என்றால் தோண்டிச் சுற்றிய வேரை வெட்டி மறுபடி நடலாம்.

மேலே சொன்ன எதுவும் இல்லை, இலை பச்சையாகவே ஒரு வாரத்தில் காய்ந்தது: வேர்வாடல் நோய் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்து மரத்துக்கு அங்கிருந்து நீர் ஓடாதபடி வாய்க்காலை அடைத்துவிட்டு, அன்றே நிபுணரைக் கூப்பிடுங்கள்.

அடிப்பட்டை சுற்றளவில் பாதிக்கு மேல் செத்திருந்தாலும், பெரிய கிளை வீட்டுக்கூரை மேலோ மின்கம்பி அருகிலோ காய்ந்து நின்றாலும் நீங்களே ஏறி வெட்ட வேண்டாம். மரம் வெட்டப் பயிற்சி பெற்றவரை அழைப்பதுதான் சரி.

நிபுணரிடம் போகும்போது தனி இலையைக் கொண்டுபோகாதீர்கள். நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சேரும் இடம் தெரியும்படி ஒரு சாண் கிளை, காகிதத்தில் சுற்றி, மூடிய உறைக்குள் வையுங்கள். மரத்தைச் சுற்றி நான்கு இடத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்த அரைக் கிலோ மண் தனியாக. கடைசியாக என்ன உரம், என்ன மருந்து, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மழை எப்போது பெய்தது, எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் விடுகிறீர்கள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.